வீட்டுக் கண்காணிப்பு அமைப்பு பொருத்துதல்

வீட்டுக் கண்காணிப்பு அமைப்பு என்பது, வீட்டினுள் அத்துமீறி நுழைபவரை உணர்ந்து ஒலியெழுப்பும் எச்சரிக்கை மணியும், நடப்பவற்றைப் படம்பிடித்துப் பதிவுசெய்யும் கேமராக்களும் தனித்தனியாகவோ இணைந்தோ அமையும் மின்னணு ஏற்பாடு ஆகும். இதனை வீட்டுக்காரர் தாமே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். இத்தொழில் செய்வோரைக் கொண்டும் பொருத்தலாம். இவ்விரண்டில் எது ஏற்றது என்னும் கேள்வி பெரும்பாலும் செலவுக் கணக்காகவே பேசப்படுகிறது. ஆயினும் வீட்டின் கட்டுமானம், உள்ளே இருக்கும் பொருள் யாருடையது, மணி ஒலித்தால் ஓடிவருவது யார், பதிவின் கடவுச்சொல் யாரிடம் உள்ளது ஆகியவையே விடையை முடிவுசெய்கின்றன. இக்கட்டுரை பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்து வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வரலாறு

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு எச்சரிக்கை மணிக்கு 1853 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அகஸ்டஸ் ரசல் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். கதவோ சன்னலோ திறக்கப்படும்போது மின்சுற்று இணைந்து மணி அடிக்கும் என்பதே அதன் தத்துவம். இன்று கதவுகளில் பொருத்தப்படும் காந்த உணரியும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது. எட்வின் ஹோம்ஸ் என்பவர் அவ்வுரிமையை வாங்கி அதனை ஒரு வணிகமாக வளர்த்தார்.

மூடிய சுற்றுத் தொலைக்காட்சி, அதாவது சிசிடிவி, 1942 இல் செருமனியின் பேனமுண்டே ஏவுதளத்தில் ஏவுகணைப் புறப்பாட்டைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்காக வால்டர் புரூக் என்னும் பொறியாளரால் அமைக்கப்பட்டது. அதனை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஆவார். இரவில் தனித்திருக்க நேர்ந்த அவர், கதவுக்கு வெளியே நிற்பவரைப் படுக்கையறையிலிருந்தே பார்க்கும் அமைப்பைத் தம் கணவருடன் உருவாக்கி 1966 இல் விண்ணப்பித்து, 1969 இல் காப்புரிமை பெற்றார். தொழில் நிறுவனங்கள் வீட்டுக் கேமராவை விற்கத் தொடங்குவதற்கு முன்பே அது தாமே செய்துகொண்ட கருவியாகத்தான் பிறந்தது என்பது இங்கு நினைக்கத் தக்கது.

தமிழ்நாட்டில் நகர்ப்புறப் பொதுக் கட்டடங்களில் சிசிடிவி பொருத்துவதற்கான விதிகள் 2012 இல் வெளியிடப்பட்டன. 2017 முதல் சென்னைப் பெருநகரக் காவல்துறை "மூன்றாவது கண்" என்னும் திட்டத்தின் கீழ், வணிகர்களும் குடியிருப்போரும் தெருவை நோக்கிக் கேமரா வைக்க ஊக்குவித்தது. பிற ஊர்களிலும் இவ்வழக்கம் பரவியது.

காஞ்சிபுரத்தின் சூழல்

2021 இல் மாநகராட்சியாகத் தரமுயர்த்தப்பட்ட காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளிலும் கோயில்களைச் சுற்றியுள்ள பழைய தெருக்களிலும் வீடுகள் பொதுச்சுவருடன் ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. தெருவில் திண்ணை, அடுத்து நடை, கூடம், முற்றம், கடைசியில் புழக்கடை என நீண்டு குறுகிய அமைப்பு உடையவை இவை. வாசல்புறம் எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ளது. எனவே திருடன் பெரும்பாலும் வர விரும்பும் வழிகள் புழக்கடைச் சுவர், முற்றத்தின் திறந்த மேற்பகுதி, பக்கத்து வீட்டு மொட்டைமாடி ஆகிய மூன்றுமே. மாடியோடு மாடி ஒட்டிய தெருவில் ஒரு வீட்டின் மேலேறியவர் தெருவின் மறுகோடி வரை தரையில் கால்படாமல் செல்ல முடியும். அப்படியிருந்தும் முதல் கேமராவைப் பலர் வாசலுக்கு மேலேதான் வைக்கின்றனர்.

நெசவாளர் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூலிக்கு நெய்பவரின் கூடத்தில் உள்ள பாவும் ஊடைப் பட்டும் சரிகையும் பெரும்பாலும் அவருக்குச் சொந்தமானவை அல்ல. கூட்டுறவுச் சங்கமோ தனியார் முதலாளியோ அவற்றை எடைபோட்டுக் கொடுத்து, நெய்த சேலையையும் எடைபோட்டு வாங்குவது வழக்கம். சரிகை மார்க் என்னும் அளவில் விற்கப்படுகிறது. ஒரு மார்க் 242 கிராம். தூய சரிகையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெள்ளியும் அரை விழுக்காடு தங்கமும் உள்ளன. சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு பொட்டலம் காணாமற்போனாலும் அது நெசவாளரின் பெயரில் கடனாக நிற்கும். கண்டவர் எவரும் இல்லாத நிலையில், பொருள் களவுபோயிற்று என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். நகை வைத்திருக்கும் வீட்டுக்குக் கேமரா திருடனைக் கண்டுபிடிக்கும் கருவி. கூலி நெசவாளருக்கோ அது தம் நேர்மைக்கான சான்றும் ஆகும். ஆகவே அவருக்குத் தெருவைப் பார்க்கும் கேமராவைவிட, தறியும் சரிகைப் பெட்டியும் உள்ள கூடத்தைப் பார்க்கும் கேமராவே முதன்மையானது.

தறி வீட்டில் பகல் முழுதும் வேலை நடப்பதாலும் உறவினரும் அண்டைவீட்டாரும் வந்துபோவதாலும் பகலில் எச்சரிக்கை மணியை இயக்கி வைக்க இயலாது. அது தேவைப்படும் வேளைகள் இரண்டு. ஒன்று, குடும்பத்துடன் திருமணத்துக்கோ திருப்பதிக்கோ சென்று வீட்டைப் பூட்டியிருக்கும் நாட்கள். மற்றது, கோடைக்காலத்தில் எல்லாரும் மொட்டைமாடியில் படுத்துறங்க, கீழ்வீடு ஆளற்றிருக்கும் இரவுகள்.

மணியும் கேமராவும்

இவ்விரண்டும் ஒரே கருவியின் இரு பகுதிகள் என எண்ணுவது பரவலான பிழையாகும். மணி நிகழ்வைத் தடுக்க முயல்கிறது. கேமரா நிகழ்ந்ததைப் பின்னர் சொல்கிறது. கேமரா மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள் உள்ளன.

2019 அக்டோபர் 2 ஆம் நாள் அதிகாலை திருச்சிராப்பள்ளியில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரைத் துளையிட்டு இருவர் உள்ளே நுழைந்தனர். கேமராக்கள் அனைத்தும் இயங்கின, பதிவும் கிடைத்தது. ஆனால் பதிவில் இருந்தவை விலங்கு முகமூடிகள். மோப்ப நாயைத் திசைதிருப்ப மிளகாய்ப் பொடியும் தூவப்பட்டிருந்தது. அக்கும்பலைச் சேர்ந்தவர் முதலில் பிடிபட்டது திருவாரூரில் நடந்த வழக்கமான வாகனச் சோதனையில்தான். 2021 டிசம்பரில் காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள வேலூரில், தோட்டப்பாளையம் நகைக்கடையின் பின்சுவரைத் துளையிட்டு நுழைந்தவர் முகமூடி அணிந்திருந்ததுடன், கேமராக்களின் மீது வண்ணத்தைப் பீய்ச்சி மறைத்தார். ஏறத்தாழ 16 கிலோ நகைகள் களவுபோயின. சில நாட்களில் அவர் கைதானார். நகைகள் ஒரு சுடுகாட்டில் புதைக்கப்பட்டிருந்தன. 2023 பிப்ரவரி 12 அன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம் இயந்திரங்கள் வாயு வெட்டுக்கருவியால் அறுக்கப்பட்டு, பின்னர் தீயிடப்பட்டன.

இவை எல்லாம் தொழில்முறையில் கேமரா பொருத்தப்பட்ட இடங்களே. சுவரைத் துளைக்கும்போதே உணர்ந்து ஊரை எழுப்பும் ஓர் அதிர்வு உணரியின் இடத்தை, எத்தனை உயர்ந்த கேமராவாலும் நிரப்ப முடியாது. சிறிய வீடுகளில் நிகழும் களவுகளிலோ, திருடர்கள் பதிவுப் பெட்டியையே கழற்றிச் செல்வது நாளிதழ்களில் அடிக்கடி காணப்படும் செய்தியாகும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில், மணியொலி கட்டணம் பெறும் ஒரு கண்காணிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. அங்குள்ளவர் வீட்டுக்காரரை அழைத்துப் பின் காவல்துறைக்குத் தெரிவிக்கிறார். அந்நாடுகளில் "தொழில்முறை அமைப்பு" என்பது பொருத்துவதுடன் இத்தொடர் சேவையையும் குறிக்கும். காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் வீட்டு மணி கேட்டு முதலில் வருபவர் அண்டைவீட்டார். எனவே ஒலிப்பானின் உரத்த ஓசையும், அது ஒலித்தால் என்ன செய்வது என்று எதிர்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பதும், அமைப்பின் உறுப்புகளாகவே கொள்ளத்தக்கவை. வெளியூர் செல்வோர் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்துச் சென்றால் இரவு ரோந்தில் அவ்வீட்டைக் கவனிக்கும் பழைய ஏற்பாடும் உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. அவசர அழைப்பு எண்கள் 100, 112.

தாமே பொருத்தக்கூடியவை

மின்கலத்தால் இயங்கும் கம்பியற்ற கதவு உணரி, அசைவு உணரி, ஒலிப்பான் ஆகியவை அடங்கிய மணித் தொகுதியை எவரும் தாமே பொருத்தலாம். இருபுறமும் ஒட்டும் பட்டையும் ஒரு திருப்புளியும் போதும். சிம் அட்டையுடன் கூடிய தொகுதிகள் இணையம் இல்லாதபோதும் செல்பேசிக்கு அழைப்போ குறுஞ்செய்தியோ அனுப்பும். சென்னை ரிச்சி தெருவிலும் இணைய அங்காடிகளிலும் இவை கிடைக்கின்றன.

கதவு உணரி என்பது ஒரு சிறு காந்தமும், காந்தம் அருகிலுள்ளவரை மூடியிருக்கும் ஒரு தொடுப்பும் ஆகும். இரண்டுக்கும் இடையே சுமார் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பல உணரிகள் வேலை செய்வதில்லை. பழைய தேக்கு இரட்டைக் கதவுகளில் இதுவே முதல் தலைவலி. ஒவ்வொரு கதவுக்கும் தனி உணரி வேண்டும். மழைக்காலத்தில் மரம் உப்பி, கோடையில் சுருங்குவதால், ஐப்பசியில் சரியாக இருந்த இடைவெளி சித்திரையில் மாறிவிடும். காந்தத்துக்குக் கீழே ஒரு மெல்லிய மரத்துண்டை வைத்து இதனைச் சரிசெய்யலாம். உலோகச் சுருள்கதவுக்கு வேறுவகை உணரி தேவை.

அசைவு உணரி, வழக்கில் பிஐஆர் எனப்படுவது, அறையின் வெப்பத்திலிருந்து மாறுபட்ட ஓர் உடல் நகரும்போது அகச்சிவப்புக் கதிர்வீச்சில் ஏற்படும் மாற்றத்தை உணர்கிறது. மனிதத் தோலின் வெப்பநிலை சுமார் 33 முதல் 35 பாகை செல்சியசு. கத்திரி வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே உள்ள கூடமும் அதே வெப்பநிலையை எட்டும்போது வேறுபாடு குறைந்து, உணரியின் திறனும் குறைகிறது. பயன்பாட்டுக் கையேடுகளில் தரப்படும் 10, 12 மீட்டர் தொலைவு குளிர்ந்த அறைக்கு உரியது. எனவே உணரியைச் சித்திரை, வைகாசிப் பின்மாலையில் சோதிப்பதே உண்மையான சோதனை. உணரியை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது எளிதில் உணரும் என்பதால், நீண்ட நடையின் கோடியில் அல்லாமல் பக்கச்சுவரில் வைப்பது நன்று.

அதிர்வு உணரியைத் தறிக்கூடத்தின் சுவரில் வைப்பது பொருந்தாது. பொதுச்சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டில் தறி அடிக்கும்போதெல்லாம் அது விழித்துக்கொள்ளும். நான்கைந்து முறை பொய்யாக ஒலித்த மணியை ஐந்தாம் முறை தெருவில் எவரும் பொருட்படுத்துவதில்லை. வீட்டுக்காரரே அதனை அணைத்து வைத்துவிடுவதும் உண்டு. எல்லா மணிகளும் பெரும்பாலும் இப்படித்தான் பயனற்றுப் போகின்றன.

கம்பியற்ற ஒற்றைக் கேமராக்களும் தாமே பொருத்தத் தக்கவை. அவற்றின் குறைகள் இரண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள் இரண்டைக் கடந்தால் வைஃபை அலை நலிந்துவிடுகிறது. பதிவு கேமராவினுள் உள்ள நினைவு அட்டையிலேயே இருப்பதால், கேமராவைப் பிடுங்கிச் செல்பவர் சான்றையும் உடன் எடுத்துச் செல்கிறார். வெளியே ஒரு வழங்கியில் நகல் சேமிக்கும் சேவைக்கு மாதக் கட்டணம் உண்டு. தடைபடாத இணையமும் வேண்டும்.

தொழில்முறையாளர் தேவைப்படுபவை

கம்பிவழி நான்கு அல்லது எட்டுக் கேமராக்கள், டிவிஆர் அல்லது என்விஆர் எனப்படும் பதிவுப் பெட்டி, அதனுள் வன்தட்டு என அமையும் முழுமையான அமைப்பில், படிப்பால் அறியக்கூடிய பகுதியும் கைப்பழக்கத்தால் மட்டும் வரும் பகுதியும் உள்ளன. இரண்டாவதே பலரை ஏமாற்றுகிறது. பழைய சுவரின் சுண்ணாம்புச் சாந்து, துளையிடும்போது பொலபொலவென உதிரும். சிமெண்டுச் சுவருக்கான பிளக் அதில் நிற்காது. ஏணியில் நின்றபடி ஓட்டு விளிம்பில் கம்பியைக் கொண்டுசெல்வதும், பைப்புக்குள் இட்டுக் கிளாம்பு அடித்து மழைநீர் புகாமல் முடிப்பதும் அன்றாடம் செய்பவருக்கே வரும். குரங்குகள் உலவும் கோயில் தெருக்களில் தொங்கும் கம்பி நெடுநாள் நிலைப்பதில்லை. அங்கு இரும்புக் குழாய் வேண்டும். 230 வோல்ட் இணைப்பு தொடர்பான எந்த வேலையையும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடவேண்டும்.

கம்பியின் தரத்தை வீட்டுக்காரர் அறிந்திருப்பது நலம். கேமராவுக்கு 12 வோல்ட் நேர்மின்சாரம் தேவை. 0.2 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 30 மீட்டர் தொலைவுக்குப் போக வர 60 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 5 ஓம். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. பகலில் நன்றாக இருந்த புழக்கடைக் கேமரா இருட்டியவுடன் விட்டுவிட்டுத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கேமராவில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. செம்பு பூசிய அலுமினியக் கம்பியில் இழப்பு இன்னும் மிகும். கம்பியின் முனையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். பிணையக் கம்பி வழியாகவே மின்சாரமும் செல்லும் வகையில், ஒரே இழுவையில் 100 மீட்டர் வரை செல்லலாம் என்பது தரநிலை.

படத்தின் தெளிவு

"முகம் தெரியுமா?" என்பதே வாங்குவோர் கேட்கும் கேள்வி. தெரியாதவர் ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும் என்பது பன்னாட்டளவில் பயன்படும் அளவுகோல். ஏற்கனவே அறிந்தவரை இன்னார் எனக் காண 125 போதும். இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 புள்ளிகள் அகலமுடையது. எனவே அடையாளம் காண வேண்டுமாயின் அது பார்க்கும் அகலம் 7.7 மீட்டரைத் தாண்டக்கூடாது. 2.8 மி.மீ. வில்லைக்கு இது சுமார் 3 மீட்டர் தொலைவு, 3.6 மி.மீ. வில்லைக்கு 4 மீட்டர்; 6 மி.மீ. வில்லைக்கு 8 மீட்டர். அகலமாகத் தெரிகிறது என்பதற்காக 2.8 மி.மீ. வில்லையை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துத் தெரு முழுவதையும் காட்டினால், வந்தவர் ஒருவர் என்பது தெரியும். யார் என்பது தெரியாது.

நெடுகக் குறுகிய நடைகளில் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்திப் படத்தை நெட்டுவாக்கில் பதிவது மிகுந்த பயன் தரும். இவ்வசதி பல கேமராக்களில் இருந்தும் எவரும் அதனைத் தொடுவதில்லை. இரவில் அகச்சிவப்பு விளக்கின் வெதுவெதுப்புக்கும் ஒளிக்கும் பூச்சிகள் வருகின்றன. பூச்சியைத் தேடிப் பல்லியும் சிலந்தியும் வருகின்றன. வில்லையின் முன் ஒற்றை நூலாம்படை இருந்தால் இரவு முழுதும் திரை வெண்மையாகிவிடும். மாதம் ஒருமுறை துடைப்பதே இதற்கு மருந்து.

அசைவு கண்டால் செல்பேசிக்கு அறிவிப்பு வரும் வசதி, கோயில் தெருக்களில் திருவிழா நாட்களில் பொருளற்றதாகிறது. வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிக் கருட சேவையன்றோ ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திர விழாவின்போதோ, தெருவைப் பார்க்கும் கேமரா இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கும். 2019 இல் சூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் நடந்த அத்திவரதர் விழாவுக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தனர். தெருவை விலக்கி வீட்டின் எல்லைக்குள் மட்டும் அசைவை நோக்குமாறு கட்டம் வரைந்து வைக்கும் அமைவு மென்பொருளில் உண்டு. பொருத்துபவர் இதனைச் செய்துதருவது அரிது. வீட்டுக்காரரே அரை மணி நேரத்தில் செய்துகொள்ளலாம்.

எத்தனை நாள் பதிவு தங்கும் என்பதும் எளிய கணக்கே. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு 21.6 கிகாபைட்டு. நான்கு கேமராக்களுக்கு 86.4 கிகாபைட்டு. ஒரு டெராபைட்டு வன்தட்டு பதினொரு நாளில் நிறைந்து, பழையதன்மேல் புதியது எழுதப்படும். பத்து நாள் வெளியூர் சென்று வந்து, சரிகைக் கணக்கை மறுவாரம் எடைபோடும்போதுதான் குறைவு தெரிகிறது என்றால், வேண்டிய நாளின் பதிவு அழிந்திருக்கும். சங்கத்திலோ முதலாளியிடமோ கணக்கு ஒப்படைக்கும் இடைவெளியைவிடப் பதிவுக்காலம் நீண்டதாக இருக்கவேண்டும்.

மின்தடை

2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயலின்போது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் பல பகுதிகளில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. நான்கு கேமரா, பதிவுப் பெட்டி, ரௌட்டர் ஆகிய அனைத்தும் சேர்ந்து சுமார் 45 வாட்டு இழுக்கும். வீடுகளில் உள்ள 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் மின்கலம், விசிறி முதலிய வேறு எதனையும் இயக்காமல் இருந்தால், இவற்றை ஏறத்தாழ ஒருநாள் தாங்கும். தங்கள் கேமராக்கள் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கின்றனவா என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெருமுனை மின்சாரம் நிற்கும் இரவில்தான் அது தெரியவரும்.

கடவுச்சொல்லும் உரிமையும்

தொழில்முறையில் பொருத்துவதன் மிகப் பெரிய இடர் இங்கேதான் உள்ளது. பொருத்த வருபவர் வேலையை விரைந்து முடிக்கத் தம் செல்பேசி எண்ணிலோ மின்னஞ்சலிலோ கணக்கைத் தொடங்கி, வீட்டுக்காரரின் செல்பேசிக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் பகிர்ந்துவிட்டுப் போவது சாதாரணமாகக் காணப்படுகிறது. தீய நோக்கம் இல்லாமலே இது நடக்கிறது. எனினும் அதன்பின் அவ்வீட்டின் படுக்கையறை வாசல் வரை எந்நேரமும் பார்க்கக்கூடியவர் ஒருவர் வெளியே இருக்கிறார். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் பணியாளர், வாடிக்கையாளர் கணக்குகளில் தம் மின்னஞ்சலைச் சேர்த்து, 200-க்கும் மேற்பட்ட வீடுகளை 9,600 தடவைக்கு மேல் பார்த்ததாக 2021 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

தாமே பொருத்துபவருக்கும் இதே பகுதியில் வேறோர் இடர் உண்டு. பெட்டியில் வந்த கடவுச்சொல்லையே விட்டுவைப்பது அது. 2016 இல் "மிராய்" என்னும் தீநிரல் இவ்வாறு தொழிற்சாலைக் கடவுச்சொல்லுடன் இருந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில் இணையத்தின் பெருந்தளங்கள் பல மணிநேரம் முடங்கின. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் கசிந்தன. அங்கும் மாற்றப்படாத கடவுச்சொல்லே வழியாக அமைந்தது.

ஆகவே பொருத்தியவர் எவராயினும், நிர்வாகிக் கணக்கு வீட்டுக்காரரின் எண்ணில் தொடங்கப்பட வேண்டும். வேலை முடிந்து பணம் கொடுக்கும் முன் கடவுச்சொல்லை வீட்டுக்காரரே மாற்றிக்கொள்ள வேண்டும். கைமாறிய பின் பழைய கணக்கிலிருந்து படம் வருகிறதா எனப் பொருத்தியவரின் செல்பேசியிலேயே சோதிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கேமரா வாங்கும்போது இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் பதிவு எண் உள்ளதா எனவும் பார்க்கவேண்டும். இந்தியாவில் விற்கப்படும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாப் பொருட்களைத் தாமே வாங்குவோர் இதனைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும்.

சட்டம்

ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66உ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். கிணற்றடியும் குளியலறையும் புழக்கடையில் இருக்கும் பழைய வீடுகளில், பக்கத்து வீட்டுப் புழக்கடை நம் கேமராவில் விழாமல் இருப்பது வெறும் மரியாதைக்குரிய செய்தி மட்டுமன்று. படத்தின் அப்பகுதியைக் கறுப்பாக மறைக்கும் அமைவு எல்லாப் பதிவுப் பெட்டிகளிலும் உண்டு.

பாகம் பிரிக்காத பூர்வீக வீட்டில் அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒன்றாக வாழும்போது இச்சிக்கல் கூர்மையடைகிறது. உடன் குடியிருப்போரின் இசைவின்றி வீட்டின் வாழிடப் பகுதிக்குள் கேமரா இயக்குவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 இல் தீர்ப்பளித்தது. அதன்மீதான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பது 2017 ஆகஸ்டு 24 ஆம் நாளைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிலைநாட்டப்பட்டது.

பதிவைச் சான்றாகப் பயன்படுத்துவதற்கும் நெறி உண்டு. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவின்படி, பதிவின் நகலுடன் ஒரு சான்றிதழ் தரப்பட வேண்டும். அதன் ஒரு பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் மறுபகுதியில் வல்லுநர் ஒருவரும் கையொப்பமிடுவர். கோப்பின் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்படும். கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் என்பது வீட்டுக்காரரே. பொருத்தியவர் ஊரில் இல்லை, கடவுச்சொல் தெரியவில்லை, பதிவுப் பெட்டியின் கடிகாரம் ஓராண்டு பின்தங்கியிருக்கிறது என்ற நிலையில் அச்சான்றிதழில் எழுதுவதற்கு எதுவும் இராது. கடிகாரம் தவறுவது பெரும்பாலும் உள்ளே உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோவதால் ஆகும். அதன் விலை சில பத்து ரூபாய்கள்.

கலப்பு முறை

நடைமுறையில் இரண்டையும் பிரித்துக்கொள்வதே காஞ்சிபுரத்து வீடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. துளையிடல், கம்பி இழுத்தல், மின் இணைப்பு, உயரத்தில் ஏறுதல் ஆகியவற்றை உள்ளூர்த் தொழிலாளரிடம் கொடுத்து, எந்த இடத்தில் எது என்பதையும் கணக்கு, கடவுச்சொல், பதிவுக்காலம், மறைப்புக் கட்டம், கடிகாரம் ஆகியவற்றையும் வீட்டுக்காரரோ வீட்டில் படித்த பிள்ளையோ பார்த்துக்கொள்ளலாம். மணித் தொகுதியைத் தாமே பொருத்தலாம். ஒன்று அல்லது இரண்டு கேமரா மட்டும் உள்ள கூலி நெசவாளர் வீட்டில் ஆள் வைக்கவேண்டிய தேவையே எழாமல் இருக்கலாம். சேலைகளும் சரிகையும் குவிந்திருக்கும் முதலாளி வீட்டில், வன்தட்டு பழுதானால் மறுநாளே மாற்றித்தர ஒருவர் வேண்டும் என்பதால் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் பொருளுள்ளதாகிறது. அவ்வொப்பந்தத்தில் எத்தனை நாளுக்குள் வருவர், உதிரிப் பொருளின் விலை யாருடையது என்பன எழுத்தில் இருக்கவேண்டும். ஊரில் கடை வைத்திருப்பவரைத் தேர்ந்தால் தேடிச் சென்று கேட்கவாவது முடியும்.

பதிவுப் பெட்டியை வைக்கும் இடத்தை மட்டும் வீட்டுக்காரரே முடிவுசெய்வது நல்லது. பொருத்துபவர் வழக்கமாக அதனைக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு அருகே வைப்பார். கம்பி குறையும், வேலையும் எளிது. நுழைபவருக்கும் அதுவே முதலில் கண்ணில் படும். பரணிலோ பூட்டிய மர அலமாரியின் பின்புறத்திலோ காற்றோட்டத்துடன் வைத்து, தறிக்கூடத்துக் கேமராவின் பதிவை மட்டும் உறவினர் வீட்டிலுள்ள இன்னொரு பெட்டிக்கும் இணையம் வழியாக அனுப்பி வைக்கலாம். நொடிக்கு ஒரு மெகாபிட் அளவில் ஒரே ஒரு கேமராவுக்கு இது சிறிய வீட்டு இணைப்பிலும் தடையின்றி நடக்கும்.